நாற்காலியும் நெஞ்சமும்

ஏணியில் ஏறுகின்றவன் ஒவ்வொரு படியையும் மிதித்தே மேலே செல்கின்றான். மேலே சென்றபின் அவன் கீழ்ப்படியை மறவாதிருத்தல் அரிது. ஏறுந்தொறும் கண்ணுக்குப் புதிய காட்சிகள் தோன்றுகின்றன; பழைய தரையோ சிறுத்துப் புள்ளியாகி விடுகின்றது. தரையில் நிற்போர் எழுப்பும் குரலும் மெலிந்தே கேட்கின்றது. அக்குரலைக் கேட்கும் செவியை இழவாமல் உயர்ந்தவர் உலகில் மிகச் சிலரே. அத்தகைய ஒருவரைப் பற்றியும், அவர் வாழ்க்கை எனக்குக் கற்பித்த பாடத்தைப் பற்றியும் இங்கே கூற விரும்புகின்றேன்.

நான் வளர்ந்தது என் பெரியப்பாவின் இல்லத்தில். அவர் ஒரு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் காந்தியடிகள் படமும் பாரதியார் படமும் தொங்கின. அவற்றின் அருகே, செய்தித்தாளிலிருந்து வெட்டியெடுத்துச் சட்டமிட்ட படம் ஒன்றும் இருந்தது. தாள் பழுத்து மஞ்சள் நிறம் பெற்றிருந்தது. அப்படத்தில் இருந்தவர் வராககிரி வேங்கடகிரி. நாடு அறிந்த பெயர் வி. வி. கிரி. ஆண்டுக்கு ஒருமுறை பெரியப்பா அப்படத்தை இறக்கித் துடைத்து மீண்டும் மாட்டுவார். அரசியல்வாதி ஒருவர்க்கு இத்துணைச் சிறப்பு எதற்கு என்று நான் எண்ணியதுண்டு, கேட்டதில்லை.

கேட்கும் வேளை 1974-ஆம் ஆண்டு மே மாதத்தில் வாய்த்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. எங்கள் ஊர் ஒரு தொடர்வண்டிச் சந்திப்பு. இரவும் பகலும் வண்டிகளின் ஊதொலி கேட்டுப் பழகிய ஊரில் திடீரென அமைதி நிலவியது. நாடு முழுவதும் தொடர்வண்டித் தொழிலாளர் அந்த மே 8-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தனர். அடுத்த வீட்டில் குடியிருந்தவரும் அத்தொழிலாளருள் ஒருவர். ஒருநாள் அந்தி வேளையில் அவர் எங்கள் திண்ணைக்கு வந்து அமர்ந்தார். சுவரில் இருந்த படம் அவர் கண்ணில் பட்டது.

“ஐயா, இவர் இப்போது குடியரசுத் தலைவர். எங்கள் சம்மேளனத்தைத் தோற்றுவித்தவர்களுள் இவரும் ஒருவர் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். இன்று நாங்கள் தெருவில் நிற்கிறோம். இவரோ மாளிகையில் இருக்கிறார். பதவிக்குப் போனவர் எங்களை நினைப்பாரா?” என்று அவர் கேட்டார். குரலில் சினம் இல்லை, களைப்பே இருந்தது.

பெரியப்பா உடனே விடை கூறவில்லை. சிறிது நேரம் கழித்து, “நினைப்பாரா என்பதை நான் எவ்வாறு அறிவேன்? ஆனால் ஒருமுறை நினைத்தார். அதை மட்டும் சொல்லுகிறேன்” என்று தொடங்கினார். அன்றிரவு அவர் கூறியவற்றையும், பின்னர் நூல்களால் யான் அறிந்தவற்றையும் தொகுத்து உரைக்கின்றேன்.

கிரி 1894-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் பெர்காம்பூரில் பிறந்தார். இன்று ஒடிசா மாநிலத்தில் உள்ள அவ்வூர் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்தது. தந்தையார் ஜோகையா பந்துலு புகழ் வாய்ந்த வழக்கறிஞர். மகனும் சட்டம் பயில வேண்டும் என்று எண்ணி 1913-இல் அயர்லாந்து நாட்டின் தலைநகராகிய டப்ளினுக்கு அனுப்பப்பட்டார். செல்வர் வீட்டு இளைஞர் ஒருவர், கற்றுத் திரும்பிப் பொருள் ஈட்டுவதற்கு உரிய வழி அது. விதியோ வேறு பாடத்தை அவர்க்கென வைத்திருந்தது.

அவர் சென்ற ஆண்டிலேயே டப்ளின் நகரில் பெருங் கதவடைப்பு ஒன்று நிகழ்ந்தது. சங்கத்தில் சேர்ந்த தொழிலாளரை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டோம் என்று முதலாளிகள் ஒன்றுகூடி உறுதி பூண்டனர். ஏறத்தாழ 20,000 தொழிலாளர் வேலையிழந்து, குடும்பத்தோடு பல திங்கள் பசியில் வாடினர். அப்போராட்டத்தை நடத்திய தலைவருள் ஒருவர் ஜேம்ஸ் கானலி. நாட்டு விடுதலையும் தொழிலாளர் விடுதலையும் ஒன்றை விட்டு ஒன்று நில்லா என்பது அவர் கொள்கை. 1916-ஆம் ஆண்டு அயர்லாந்தில் எழுந்த கிளர்ச்சியில் அவர் காயமுற்றார். மரண தண்டனை விதிக்கப்பட்ட அவரால் நிற்கவும் இயலவில்லை. ஆதலால் ஒரு நாற்காலியில் அமர்த்திச் சுட்டுக் கொன்றனர். கிளர்ச்சியாளரோடு தொடர்புடையவர் என்னும் ஐயத்தால், கிரி அந்நாட்டை விட்டு வெளியேறுமாறு ஆணையிடப்பட்டார். சட்டம் பயிலச் சென்றவர் தொழிலாளர் துயரையும் பயின்று தாயகம் திரும்பினார்.

திரும்பியவர் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்திற்காக அதனைக் கைவிட்டார். பின்பு அவர் உள்ளத்தை ஈர்த்தவர்கள் இருப்புப்பாதைத் தொழிலாளர்கள். அந்நாளில் தொடர்வண்டித் துறையில் இலட்சக்கணக்கானோர் உழைத்தனர். கரி அள்ளுவோரும், தண்டவாளம் காப்போரும், பட்டறையில் இரும்பு உருக்குவோரும் தனித்தனியே குறை கூறினர், தனித்தனியே தண்டிக்கப்பட்டனர். ஒற்றை நூலை எவரும் அறுக்கலாம். முறுக்கிய வடத்தை அறுப்பது எளிதோ? 1920-களின் முற்பகுதியில் அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனம் உருவானபோது, அதனை நிறுவியோருள் கிரியும் ஒருவராய் இருந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் அதன் பொதுச்செயலாளராகவும் பணியாற்றினார்.

வங்காள நாகபுரி இருப்புப்பாதையின் பெரும் பட்டறை கரக்பூரில் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அப்பாதையின் நிருவாகம் ஆட்குறைப்பில் இறங்கியது. அதனை எதிர்த்து நடந்த போராட்டத்தைக் கிரி முன்னின்று நடத்தினார். கல்லெறிதல் இல்லை, தீ வைத்தல் இல்லை, பணியாமையே படைக்கலமாக இருந்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அது ஒரு மைல்கல்லாகக் கருதப்படுகின்றது. அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. 1927-இல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளரின் பேராளராக அவர் அமர்ந்தார். 1931-இல் இலண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலும் தொழிலாளர் சார்பில் கலந்துகொண்டார்.

இதுவரை அவர் கேட்கும் இடத்தில் இருந்தார். இனிக் கொடுக்கும் இடத்திற்குச் செல்லுகின்றார்.

1937-இல் மாகாணச் சட்டமன்றங்களுக்குத் தேர்தல் வந்தது. அக்காலச் சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டும் அன்று. ஆந்திரக் கடற்கரைப் பகுதியும், மலையாள நாட்டின் ஒரு பகுதியும், கன்னட நாட்டின் ஒரு பகுதியும் அதனுள் அடங்கியிருந்தன. காங்கிரஸ் கட்சி கிரியைப் பொப்பிலித் தொகுதியில் நிறுத்தியது. அவரை எதிர்த்து நின்றவரோ பொப்பிலி அரசர், நீதிக்கட்சியின் தலைவர், மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். அரசரை அவர்தம் சொந்த மண்ணிலேயே எதிர்ப்பது எளிதா? வாக்குரிமையும் அந்நாளில் எல்லார்க்கும் இல்லை. சொத்து, வரி, கல்வி முதலிய தகுதி உடையோர்க்கே இருந்தது. ஆயினும் கிரி வெற்றி பெற்றார். இராஜாஜி அமைத்த அமைச்சரவையில் தொழில், தொழிலாளர் நலம் ஆகிய துறைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன.

மாணவர்களே, இங்கே சிறிது நின்று எண்ணிப் பாருங்கள். நேற்று வரை ஆலை வாயிலில் நின்று, “கூலியை உயர்த்துங்கள்” என்று கேட்டவர் இன்று அமைச்சர். ஆலைத் தொழிலாளர் மனுவோடு வருகின்றனர். ஆலை முதலாளிகளும் கணக்கோடு வருகின்றனர். கருவூலமோ சிறியது; அதிகாரமோ ஆங்கில ஆளுநரின் நிழலில் அடங்கியது. கேட்பதற்கு ஒரு நெஞ்சு போதும். கொடுப்பதற்கு இரு பக்கமும் எடை பார்க்கும் துலாக்கோல் வேண்டும். தம்மவர் ஒருவர் அமைச்சரானால் கேட்டதெல்லாம் மறுநாளே கிடைக்கும் என்று தொழிலாளர் நம்புவது இயல்பு. அந்நம்பிக்கையின் சுமை, எதிர்ப்பவரின் பகையினும் கனமானது. வேலைநிறுத்தமும் கதவடைப்பும் நேரும் முன்னரே இரு சாராரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பேச வேண்டும் என்பதே கிரி தம் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய வழி.

இரண்டாம் உலகப்போரில் இந்தியரைக் கேளாமலே இந்தியா ஈடுபடுத்தப்பட்டது. அதனை எதிர்த்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் 1939-இல் பதவி விலகின. கிரியும் விலகித் தொழிலாளரிடையே மீண்டார். 1942-இல் எழுந்த ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின்போது சிறைப்பட்டு, வேலூர்ச் சிறையிலும் அமராவதிச் சிறையிலும் இருந்து, 1945-இல் விடுதலை பெற்றார். 1946-இல் பிரகாசம் அமைத்த மாகாண அமைச்சரவையில் மீண்டும் தொழிலாளர் அமைச்சரானார். நாடு விடுதலை பெற்றபின் 1947 முதல் 1951 வரை இலங்கையில் இந்தியாவின் தூதராகப் பணியாற்றினார். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளருள் மிகப் பலர், 1948-இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். அத்துயரம் நிகழ்ந்தபோது கிரி கொழும்பில் இருந்தார். பதவியில் இருந்தும் கைகட்டி நிற்க நேரும் நிலையை அவர் அங்கே கண்டிருப்பார்.

1952-இல் அவர் பாதபட்டணம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நேரு அவரைத் தொழிலாளர் அமைச்சராக்கினார். பெரியப்பாவின் கதை இங்கேதான் தொடங்குகின்றது.

அக்காலத்தில் வங்கி ஊழியரின் ஊதியம் வங்கிக்கு வங்கி, ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தது. அவர்கள் வழக்கு நடுவர் மன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒரு தீர்ப்பு வரும். உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாது என்னும். மீண்டும் புதிய நடுவர் மன்றம் அமையும். இறுதியாக 1954-இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நடுவர் மன்றம் ஊழியர்க்கு ஓரளவு நலம் தரும் தீர்ப்பை வழங்கியது. “அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள்” என்றார் பெரியப்பா.

அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. சிறு வங்கிகள் இச்சுமையைத் தாங்கா என்றும், சிற்றூர்க் கிளைகள் மூடப்படும் என்றும் எண்ணிய அரசு, அத்தீர்ப்பை 1954 ஆகஸ்டில் குறைத்து மாற்றியது. அரசின் வாதத்திலும் பொருள் இல்லாமல் இல்லை. ஆயினும் கிரி வேறுவிதமாக எண்ணினார். வழக்கை மன்றத்திற்கு அனுப்புவதும் அரசு. தீர்ப்பு வந்தபின் அதனைத் திருத்துவதும் அரசு என்றால், தொழிலாளி எந்த வாயிலில் சென்று நிற்பான்? மன்றத்தின்மேல் அவன் கொண்ட நம்பிக்கை அழிந்தால் எஞ்சுவது தெருவன்றோ? அமைச்சரவையின் முடிவை ஏற்று நாற்காலியில் அமர்ந்திருக்க அவர் மனம் இசையவில்லை. பதவியைத் துறந்தார்.

“அன்று வெளிவந்த செய்தித்தாளிலிருந்து வெட்டியதுதான் இந்தப் படம். எங்களுக்காகப் பேசியவர் பலர். எங்களுக்காக எழுந்து போனவர் இவர் ஒருவர்தாம்” என்று பெரியப்பா கூறியபோது அவர் குரல் தழுதழுத்தது.

அத்துறவு வீண் போகவில்லை. அச்சிக்கலை ஆராய ஆணையம் அமைக்கப்பட்டது. நீதிபதி கஜேந்திரகட்கர் அளித்த பரிந்துரையின்பேரில் 1955-இல் சட்டம் இயற்றப்பட்டது. மேல்முறையீட்டு மன்றத்தின் தீர்ப்பு பெரும்பாலும் மீண்டும் உயிர் பெற்றது.

1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் கிரி தோற்றார். எனினும் உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் ஆகிய மாநிலங்களின் ஆளுநர் பதவி அடுத்தடுத்து வந்தது. 1967-இல் குடியரசுத் துணைத்தலைவர் ஆனார். 1969 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்தபின், தற்காலிகமாக அப்பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு ஜூலை 19-ஆம் நாள் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையொப்பமிட்டார். மறுநாளே பதவி விலகி, குடியரசுத் தலைவர் தேர்தலில் எக்கட்சியும் சாராது நின்றார். இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பின்னரே முடிவு தெரிந்த கடும் போட்டி அது. கிரி வென்றார். வங்கி ஊழியர்க்காக அமைச்சர் பதவியைத் துறந்தவர், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வங்கிகளையே நாட்டின் உடைமையாக்கும் ஆணையில் கையெழுத்திட்டது வரலாறு வரைந்த விந்தையாகும்.

கதையை முடித்துவிட்டுப் பெரியப்பா, “குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்க வேண்டியவர். அவரால் தாமாக ஒன்றும் ஆணையிட இயலாது” என்றார்.

அடுத்த வீட்டுக்காரர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் எழுந்து நின்று, “ஆணையிட முடியாதுதான், ஐயா. ஆனால் அன்று எழுந்தது போல் இன்றும் எழலாமே!” என்றார். பெரியப்பா வாய் திறக்கவில்லை. அவர் படியிறங்கிச் சென்றதும் நெடுநேரம் படத்தையே நோக்கியிருந்தார். இருபது நாள் நடந்த அவ்வேலைநிறுத்தம், மே 27-ஆம் நாள் கோரிக்கை நிறைவேறாமலே முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கிரியின் பதவிக்காலமும் முடிந்தது. 1975-இல் ‘பாரத ரத்னா’ விருது பெற்ற அவர், 1980 ஜூன் மாதத்தில் சென்னையில் மறைந்தார்.

ஒருமுறை உறுதியோடு நின்றவரிடம் உலகம் ஒவ்வொரு முறையும் அவ்வுறுதியை எதிர்பார்க்கின்றது. எளியவர்க்காகப் பேசத் தொடங்கியவர்க்கு அக்கடமையிலிருந்து ஓய்வு இல்லை. அடுத்த வீட்டுக்காரர் கேட்ட வினா கிரி ஒருவரை மட்டும் நோக்கியதன்று என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

நான் புலவர் பட்டம் பெற்றுத் தமிழாசிரியன் ஆனேன். ஆசிரியர் சங்கத்தின் வட்டாரச் செயலாளனாகவும் சில ஆண்டுகள் இருந்தேன். மேடையில் ஏறி, “உழைத்தவனின் ஊதியம் பிச்சையன்று, உரிமை!” என்று முழங்குவேன், கைதட்டல் எழும். பின்பு ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் பொறுப்பு சிறிது காலம் என்னிடம் வந்தது. அப்பள்ளியில் நாட்கூலிக்குப் பணிபுரிந்த இரவுக்காவலர் ஒருவர் இருந்தார். மூன்று மாதக் கூலி வரவில்லை என்று கூறி ஒருநாள் என்முன் வந்து நின்றார். “கோப்பு மேலிடத்திற்குச் சென்றிருக்கும், விதிப்படிதான் வரும், பொறுத்திருங்கள்” என்றேன்.

அவர் தலை குனிந்தவாறே, “ஐயா மேடையில் பேசியதை நான் வெளியில் நின்று கேட்டிருக்கிறேன்” என்றார். வேறொன்றும் சொல்லாமல் சென்றுவிட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பெரியப்பா வீட்டுச் சுவரும் படமும் கண்முன் தோன்றின. மறுநாள் விடியலில் பள்ளிக்குச் சென்று தேடினேன். அக்கோப்பு மேலிடத்திற்குச் செல்லவே இல்லை. என் மேசையிலேயே, வேறு தாள்களுக்கு அடியில், என் கையொப்பத்திற்காகக் காத்துக் கிடந்தது! நாணத்தால் என் உடல் குறுகியது. கையொப்பமிட்டு நானே அலுவலகத்திற்கு எடுத்துச் சென்றேன்; கூலி வரும்வரை என் பொருளிலிருந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் கைகூப்பினார். அக்கூப்பிய கை, எவரும் இதுவரை எனக்குத் தாராத தண்டனையாக இருந்தது.

எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசான், அடைமொழி வேறு, பெயர் வேறு என்று பிரித்துக் காட்டுவார். செந்தாமரை, வெண்டாமரை என அடை மாறலாம், தாமரை மாறாது. செயலாளர், அமைச்சர், தூதர், ஆளுநர், தலைவர் என்பன எல்லாம் அடைகளே. அவை வரும், போகும். அடை நீங்கியபின் எஞ்சும் பெயர் எது என்பதே கேள்வி. கிரியின் வாழ்வில் அடைகள் பல. ஆயினும் எங்கள் பெரியப்பா போன்ற எளிய எழுத்தர் ஒருவர், நாடு தந்த எந்தப் பட்டத்திற்காகவும் அவர் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. பட்டம் ஒன்றை அவர் உதறிய நாளுக்காகவே மாட்டினார்.

இளைஞர்களே, உங்களுள் சிலர் சங்கத் தலைவர் ஆவீர்கள். சிலர் அலுவலர் ஆவீர்கள். சிலர் சட்டமன்றத்திலும் அமரக்கூடும். நாற்காலியை வெறுக்க வேண்டா. நல்லவர் அமராத நாற்காலியில் வேறொருவர் அமர்வர். ஆனால், அமரும் முன்னர் நீங்கள் பேசிய சொற்களைக் கேட்ட ஒருவர், எங்கோ வெளியில் நின்றுகொண்டிருப்பார் என்பதை மட்டும் மறவாதீர்கள். அவர் ஒருநாள் உங்கள் அறைக்குள் வருவார். அவர் கேட்பதற்கு முன்பே உங்கள் மேசையைத் தேடிப் பாருங்கள்.